சூப்பு தண்ணீரில் சேர்த்தி இல்லை

நாற்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்காரவைக்கிறவள் நான். தொம்மலூரில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புக்குக் கணக்கும் சயின்ஸும் எடுக்கிறேன். ஒருநாள் "சைலன்ஸ்!" என்று கத்த வாயைத் திறந்தேன். பாதிச் சொல்லில் மூச்சு நின்றுவிட்டது. மிஸ் ஏதோ விளையாட்டுக் காட்டுகிறாள் என்று பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன். வேறு என்ன செய்வது?

உடம்பு அதற்கு முன்பே சொல்லிக்கொண்டுதான் இருந்தது, நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. படுத்தால் இருமல். இரண்டு தலையணை வைத்தால் கொஞ்சம் தேவலை, மூன்று வைத்தால் இன்னும் தேவலை. சாயங்காலமானால் செருப்பு வார் பாதத்தில் பள்ளம் பதித்திருக்கும். தெருமுனை டாக்டர் ஒரு தடவை கேஸ் என்றார், இன்னொரு தடவை டஸ்ட் அலர்ஜி என்றார். பெங்களூரில் யாருக்குத்தான் டஸ்ட் அலர்ஜி இல்லை என்று நானும் விட்டுவிட்டேன். கடைசியில் பள்ளிக்கூட மாடிப்படியில் பாதி வழியில் உட்கார்ந்தவள், எழுந்திருக்க முடியாமல் அப்படியே இருந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் பீட்டர் லேத்துப் பட்டறையிலிருந்து எண்ணெய்க் கையைக்கூடக் கழுவாமல் ஓடிவந்து ஆட்டோவில் ஏற்றினார்.

பெரிய ஆஸ்பத்திரிகளில் முதல் வியாதி காத்திருப்பதுதான். பெயர் கூப்பிடக் காத்திருப்பு, இன்சூரன்ஸ்காரன் சரி என்று சொல்லக் காத்திருப்பு, கட்டில் காலியாகக் காத்திருப்பு. எதிர் நாற்காலியில் இருந்த அம்மா என் காலைப் பார்த்துவிட்டு, "கிட்னியா?" என்று கேட்டார். "தெரியல" என்றேன். "கிட்னிதான்" என்று அவரே முடிவு பண்ணினார். எனக்கு வந்த கோபத்துக்கு, மூச்சு மட்டும் இருந்திருந்தால் நல்லா நாலு கேட்டிருப்பேன்.

கிட்னி இல்லை. எக்கோ என்று ஒரு சோதனை எடுத்தார்கள். வயிற்றுப்பிள்ளையைப் பார்க்கிற ஸ்கேன் போலத்தான், நெஞ்சில் ஜில்லென்று ஒரு களிம்பைத் தடவி, கருவியை அழுத்தி அழுத்தி இதயம் துடிப்பதைப் படமாகப் பார்ப்பது. அதை எடுத்த பெண் உள்ளே வந்தபோது சிரித்த முகமாக இருந்தாள். கொஞ்ச நேரத்தில் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தாள்.

டாக்டரம்மா கன்னடக்காரர். கண்டோன்மென்ட் பக்கம் வளர்ந்தவர், அதனால் தமிழ் தண்ணீர்பட்ட பாடு. பீட்டரையும் என்னையும் உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார். "இதயம் ஒரு பம்ப். நல்ல இதயம் ஒவ்வொரு துடிப்புலயும் தனக்குள்ள இருக்கிற ரத்தத்துல பாதிக்கு மேல வெளிய தள்ளும். உங்களுது கால்வாசிதான் தள்ளுது. தசை இளகி, பலூன் மாதிரி பெரிசாயிருக்கு. எப்பவோ வந்த வைரஸ் காய்ச்சல்கூட காரணமா இருக்கலாம். பம்ப் வேலை செய்யலன்னா தண்ணி எங்க போகும்? காலுல நிக்கும், நுரையீரல்ல நிக்கும். அதான் மூச்சு வாங்குது."

"சரியாயிடுமா மேடம்?" என்றார் பீட்டர்.

"நிறைய பேருக்கு மருந்துல தேறுது. முதல்ல உள்ள நிக்கிற தண்ணிய எறக்கணும். ஊசி போடறோம், யூரின் நிறைய போகும். ஆனா நீங்களும் ஒத்துழைக்கணும். ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்தான். தண்ணி, காப்பி, பால், மோரு எல்லாம் சேர்த்து. உப்பு ஸ்வல்ப, கொஞ்சமே கொஞ்சம்தான்."

பீட்டர் லேத்தில் நூல் பிசகாமல் கடைகிற மனுஷர். அன்றைக்கே மருந்துக்கடையில் கோடு போட்ட பிளாஸ்டிக் கப் ஒன்று வாங்கிவந்தார். அதிலிருந்து எனக்கு நரகம் ஆரம்பித்தது. ஊசி போட்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். "என்னங்க, ஒரே ஒரு வாய்" என்று கெஞ்சுவேன். கப்பை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் அரை மணி நேரம் போகட்டும்" என்பார். கல்யாணமான நாளாக அந்த மனுஷரை நான் அவ்வளவு வெறுத்ததில்லை. ஆனால் பலன் தெரிந்தது. இரண்டு மூன்று நாளில் கால் வற்றி, கணுக்கால் எலும்பு வெளியே வந்தது. மகள் ஷீபா ஆபீஸ் முடிந்து வந்து எனக்குத் தலை வாரிப் பின்னிவிட்டு, "மம்மி, உன் கால் அழகாயிடுச்சு" என்றாள். அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் என் அண்ணன் அந்தோணி சூப்போடு வந்தான்.

எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. எங்கள் குடும்பத்தில் கோழிச் சூப்பு ஆம்பளைகள் வேலை. வீட்டுப் பெண் படுத்துவிட்டால், பிள்ளை பெற்றால், ஆபரேஷன் ஆனால், பிறந்த வீட்டு ஆம்பளைதான் சூப்பு வைத்துக் கொண்டுவர வேண்டும். அம்மா அண்ணனைப் பெற்றபோது உதவிக்குப் பெண்பிள்ளை யாரும் வர முடியாமல் மாமாவே அடுப்பில் நின்றாராம், அதிலிருந்து இது சட்டமாகிவிட்டது. புருஷன் வீட்டுச் சூப்பு குடிக்கலாம், ஆனால் அது கணக்கில் வராது. இன்னொரு சட்டமும் உண்டு. கொண்டுவந்த பாத்திரம் மிச்சத்தோடு திரும்பிப் போகக்கூடாது. மிச்சம் வைத்தால் வியாதியும் மிச்சம் நிற்கும். எனக்கு ஷீபா பிறந்தபோது அண்ணன் எதிரில் உட்கார்ந்து, நான் கடைசிச் சொட்டைக் குடிக்கிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

அவன் சூப்பு சாதாரணச் சூப்பு இல்லை. சிவாஜிநகர் மார்க்கெட்டில் நாட்டுக்கோழி, அதுவும் முற்றின பெட்டை. தோலோடு வாட்டி, எலும்போடு தட்டி, சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, சீரகம் எல்லாம் கல்லில் நசுக்கிப் போடுவான். குக்கர் வைத்தால் அவனுக்கு ஆகாது. அலுமினியக் குண்டானில் சின்னத் தீயில், எலும்பு தானாகக் கழன்று வருகிற வரை. கடைசியில் கல்லுப்பு ஒரு கை. "உப்பு பத்தலன்னா சீக்காளி வாயில ருசி ஏறாது" என்பான். அவன் பேக்கரி வண்டி ஓட்டுகிறவன், அதிகம் பேசமாட்டான். ரோசி அண்ணி கேன்சரில் போனதிலிருந்து அந்தக் கொஞ்சப் பேச்சும் நின்றுபோனது. அண்ணியின் கடைசி மாதங்களில் அவன் சூப்பு ஒன்றுதான் அவள் வயிற்றில் தங்கியது. அன்பு, பாசம், பயம் எதுவானாலும் அவனுக்கு அந்தக் குண்டானில்தான் வரும்.

"வாங்க மச்சான்" என்று பீட்டர் பிளாஸ்க்கை வாங்கி, அவரே பெரிய டம்ளரில் தளும்பத் தளும்ப ஊற்றிக் கொடுத்தார். கோடு போட்ட கப் பக்கத்திலேயே இருந்தது. அதை அவர் தொடவே இல்லை. எனக்கும் தோன்றவில்லை. நா வறண்டு கிடந்தவளுக்கு அந்த முதல் வாய் தொண்டையில் இறங்கியபோது, சேசுவே, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிளாஸ்க் காலி. அண்ணன் அதைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத் திருப்தியாகக் கிளம்பினான்.

அதற்குப் பிறகு காலை ஒரு பிளாஸ்க், சாயங்காலம் ஒரு பிளாஸ்க். மூக்கு முட்டக் குடித்தேன். நர்ஸ் வந்து, "நீரு எஷ்டு குடித்ரி?" என்று கன்னடத்தில் தண்ணீர்க் கணக்குக் கேட்டால், பீட்டர் கப் கணக்கைக் கம்பீரமாகச் சொல்வார். தண்ணீர், காப்பி, மாத்திரைக்குக் குடித்த ஒரு மடக்கு, எல்லாம் சேர்த்து ஒரு லிட்டருக்கு உள்ளேதான். பொய்யே இல்லை. எங்களைப் பொறுத்தவரை சூப்பு தண்ணீரில் சேர்த்தி இல்லை. அது சாப்பாடு, மருந்து, அண்ணன்.

கணுக்கால் எலும்பு மறுபடி மறைந்தது. காலையில் எடை பார்த்தால் ஏறிக்கொண்டே போனது. டாக்டரம்மா ஊசியின் அளவைக் கூட்டினார். அப்புறம் இன்னொரு மருந்தைச் சொட்டு சொட்டாக ஏற்றினார். ரத்தம் எடுத்து எடுத்து முழங்கை மடிப்பெல்லாம் நீலம் பாய்ந்துவிட்டது. ஒருநாள் ரவுண்ட்ஸில் என் கால் எலும்பின் மேல் கட்டைவிரலை அழுத்தி, அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "மருந்து ஏன் கேக்கலன்னு புரியல. இப்படியே போனா மெஷின் வெச்சு தண்ணிய எடுக்க வேண்டி வரும். அதுவும் கேக்கலன்னா..." என்று நிறுத்தினார். கூட வந்த சின்ன டாக்டர் இங்கிலீஷில் மாற்று இதயம் என்று ஏதோ சொன்னார். நாலாம் வகுப்பு டீச்சருக்கு அந்த அளவு இங்கிலீஷ் தெரியாதா என்ன?

எனக்கு நாற்பத்தொன்பது வயது. ஷீபாவுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. செத்துப்போய்விடுவேன் என்று அன்றைக்குத்தான் நிஜமாகவே பயந்தேன். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு அழுதேன். அதைப் பார்த்துவிட்டு பீட்டர் செய்த காரியம் என்ன தெரியுமா? அண்ணனுக்குப் போன் போட்டு, "லூர்து ரொம்ப டல்லா இருக்கா மச்சான், இன்னைக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாவே கொண்டுவாங்க" என்றார்.

அன்று சாயங்காலம் பெரிய பிளாஸ்க் வந்தது. பாதியிலேயே என்னால் முடியவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ அடைத்தது. "போதும்ணா."

"பிளாஸ்க்குல மிச்சம் வெக்காத லூர்து" என்றான் அண்ணன். அதட்டவில்லை. கெஞ்சினான். அவன் முகத்தைப் பார்த்தேன். ரோசி அண்ணியைத் தூக்கிக்கொண்டு போனபோது இருந்த முகம். குடித்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் மூச்சு உள்ளே போக மறுத்தது. தண்ணீருக்குள் அமுக்கிவைத்தது போல இருந்தது, ஆனால் என்னைச் சுற்றிலும் காற்றுதான் இருந்தது. வாயில் இளஞ்சிவப்பாக நுரை. "அக்கா, எழுந்து உக்காருங்க, காலத் தொங்கப் போடுங்க" என்று நர்ஸ் கத்தியது கேட்டது. கட்டிலோடு உருட்டிக்கொண்டு ஓடினார்கள். ஐசியூவில் முகத்தோடு இறுக்கி ஒரு மாஸ்க் கட்டினார்கள். நாம் இழுக்காமலே அது காற்றை நுரையீரலுக்குள் தள்ளும். பழக்கமில்லாதவர்களுக்கு அதுவே மூச்சு முட்டும். மாதாவே, மாதாவே என்று அதற்குள்ளேயே முனகிக்கொண்டு கிடந்தேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு இஷ்டமில்லை.

மறுநாள் மாஸ்க்கைக் கழற்றிய பிறகு பீட்டரையும் அண்ணனையும் உள்ளே விட்டார்கள். டாக்டரம்மாவும் அங்கேயே இருந்தார்.

"சார், உண்மையச் சொல்லுங்க. ஒரு லிட்டர்தான் குடுத்தீங்களா?"

"ஒரு சொட்டு ஜாஸ்தி இல்ல மேடம். நானே அளந்துதான் குடுக்கறேன்."

டாக்டரம்மாவின் பார்வை அண்ணன் அக்குளில் இடுக்கியிருந்த பிளாஸ்க்கில் போய் நின்றது. "அதுல என்ன?"

"சூப்பு மேடம்" என்றார் பீட்டர் பெருமையாக. "நாட்டுக்கோழி."

"தினமும் குடுக்கறீங்களா? எவ்வளவு?"

"காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு."

"ஒண்ணுன்னா? ஒரு கப்பா?"

"ஒரு பிளாஸ்க்."

டாக்டரம்மா கையிலிருந்த சார்ட்டை மூடினார். பிறகு, "சார், சூப்பு தண்ணி இல்லையா?" என்று மெதுவாகக் கேட்டார்.

பீட்டர் வாயைத் திறந்தார். "அது சாப்பாடு மேடம்..." என்று ஆரம்பித்தவர், பாதியிலேயே முகம் வெளிறி என்னைப் பார்த்தார்.

"உப்பு?"

இதற்கு அண்ணன்தான் பதில் சொன்னான். "நல்லாவே போடுவேன் மேடம். தங்கச்சிக்குத் தெம்பு வேணும்ல."

அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "தெரியாமதான் செஞ்சீங்க" என்றார். "நானும் சூப்புன்னு தனியா கேட்டிருக்கணும். உப்பு தண்ணியப் புடிச்சு வெக்கும். அதுக்கு மேல இவ்வளவு தண்ணி. பலவீனமான இதயம் பாவம் என்ன பண்ணும்? நேத்து கொஞ்சம் லேட்டாயிருந்தா நாம இப்படிப் பேசிக்கிட்டு இருக்க மாட்டோம்."

அண்ணன் பிளாஸ்க்கை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். என் பக்கம் திரும்பவே இல்லை. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். "அண்ணா!" என்றேன். மாஸ்க் போட்டுப் புண்ணான தொண்டையில் சத்தம் எழும்பவில்லை.

சூப்பு நின்றது, தண்ணீர் வடிந்தது. அதே ஊசி, அதே மாத்திரை, இப்போது பேச்சைக் கேட்டன. வார்டுக்கு மாற்றினார்கள், வராந்தாவில் நடக்கவைத்தார்கள். எல்லாரும் வந்தார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூடக் கலர் பென்சிலில் இதயம் வரைந்து அனுப்பினார்கள். அண்ணன் மட்டும் வரவில்லை. போன் எடுக்கவில்லை. ஷீபா நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "மாமா வேலைக்குப் போறார், வர்றார். அடுப்பே பத்தவெக்கறதில்ல மம்மி. பிரெட்டத் தின்னுட்டுப் படுத்துக்கறார்" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்துப் பிழைத்தவள் நான், இவன் என்ன துக்கம் காக்கிறான்?

வீட்டுக்கு வந்து, வாசல் வரை நடக்க முடிந்ததும், பீட்டரிடம் சொன்னேன், "ஆட்டோ புடிங்க, சிவாஜிநகர் போகணும்." அவர் ஆயிரம் சொல்லிப் பார்த்தார். நான் சொன்னால் சொன்னதுதான்.

அண்ணன் குடியிருப்பது ஒரு டெய்லர் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. படி ஏறக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. டெய்லர் கொடுத்த பிளாஸ்டிக் நாற்காலியில் தெருவிலேயே உட்கார்ந்து, அவர் போனை வாங்கி அண்ணனைக் கூப்பிட்டேன். புது நம்பர் என்று எடுத்துவிட்டான்.

"கீழ வா."

"நான் வண்டில இருக்கேன் லூர்து, ஓசூர் ரோட்டுல..."

"உன் பைக்கு என் முட்டியில இடிச்சுக்கிட்டு நிக்குது. வர்றியா, நான் மேல ஏறி வரட்டுமா? வழியில விழுந்தா நீதான் தூக்கணும்."

தடதடவென்று படியில் சத்தம் கேட்டது. தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டி, பனியனோடு வந்து நின்றான். பீட்டர் நாசூக்காக டெய்லரிடம் ஏதோ துணி விசாரிக்கப் போய்விட்டார்.

"ஏண்ணா வரல?"

பஸ் ஸ்டாண்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். "ரோசிக்குக் குடுத்தேன், போயிட்டா. உனக்குக் குடுத்தேன், நீ ஐசியூக்குப் போன. என் கை ராசி அப்படி. இந்தக் கையால இனிமே யாருக்கும் ஒண்ணும் செய்யக்கூடாதுன்னு இருக்கேன்."

எனக்குக் கோபம் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. அவன் கையைப் பிடித்து இழுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். தெருவே வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டும்.

"அண்ணி போனது கேன்சர்ல. உன் சூப்பு இல்லன்னா இன்னும் முன்னாடியே போயிருப்பா. நான் போகல. கண்ணத் தொறந்து பாருண்ணா, உன் முன்னாடிதான் உக்காந்திருக்கேன். எனக்கு நாளைக்கு என்ன ஆகும்னு எனக்கே தெரியாது. அடுத்த எக்கோவுல இதயம் தள்ளுற அளவு ஏறியிருந்தாதான் உண்டு, ஏறலன்னா நெஞ்சுல மெஷின் வெக்கறதப் பத்திப் பேசுவாங்க. எனக்கு பயமா இருக்கு. இந்த நேரத்துல நீயும் வரலன்னா நான் எங்க போவேன்?"

அவன் அழுதான். பனியனைத் தூக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு கேட்டான், "எவ்வளவு குடிக்கலாமாம்?"

"சின்ன டம்ளர்ல பாதி. அதையும் அவரு கப்புல அளந்து, ஒரு லிட்டர்ல கழிச்சுக்குவாரு. உப்பு போடக்கூடாது."

"உப்பு இல்லாம சூப்பா?" முதல் தடவையாக அவன் குரல் உயர்ந்தது. "அது என்னாடி சூப்பு, கோழி குளிச்ச தண்ணி!"

"அந்தத் தண்ணியத்தான் குடிக்கணும்னு எழுதியிருக்கு. வெச்சுக் குடுப்பியா, மாட்டியா?"

அவன் மேலே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தான். மார்க்கெட் பக்கத்தில்தான். பீட்டர் ஆட்டோ கூப்பிட்டார், நான் நடக்கிறேன் என்றேன். என்னால் பத்தடிக்கு மேல் ஒரே மூச்சில் நடக்க முடியாது, ஆனால் அதைச் சொல்ல வாய் வரவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. அண்ணன் ஒரு துணிக்கடை முன்னால் நின்று ஒரு புர்காவின் விலையைக் கேட்டான். எனக்கு மூச்சு சீரானதும் நடந்தான். அடுத்தது பூட்டுக் கடை, அப்புறம் பொம்மைக் கடை. எல்லாவற்றுக்கும் விலை கேட்டான், எதையும் வாங்கவில்லை. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கோழிக்கடை பாய்க்கு அண்ணனைப் பல வருடமாகத் தெரியும். முற்றின பெட்டை ஒன்றைத் தேடி எடுத்து, இறக்கையைப் பிடித்துத் தூக்கி எடை பார்த்துக்கொண்டே, "என்ன அந்தோணி, வீட்டுல யாருக்கு ஒடம்பு சரியில்ல?" என்று கேட்டார்.

"என் தங்கச்சிக்கு பாய்" என்றான் அண்ணன். பிறகு என் தோளைப் பிடித்து முன்னால் நகர்த்தி நிறுத்தினான். "இவதான். நடந்தே வந்திருக்கா."